பைசெப் பதினாலரை

1. செவ்வாய்க்கிழமை வந்த போன்

அனுப்பிய பதினாறு ஜெர்சியில் ஒன்றுகூட யாருக்கும் சேரவில்லை என்று செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை டீம் ஃபிளைட் ஏற வேண்டும்.

டீம் என்றால் இந்தியப் பெண்கள் ரக்பி டீம். பேசியவர் டீம் மேனேஜர் ரெபெக்கா, சென்னைக்காரர். பெங்களூரில் கேம்ப் நடந்துகொண்டிருந்தது.

"மேடம், கேப்டன் போட்டுப் பாத்தா. தோள்லயே மாட்டிக்கிச்சு. ரெண்டு பேர் சேர்ந்து உருவி எடுத்தோம். நான் அனுப்புன அளவு சார்ட் பிரகாரம்தானே தச்சீங்க?"

நான் சார்ட் பிரகாரம் தைக்கவில்லை.

திருப்பூர் பனியன் கம்பெனியில் எனக்கு முப்பத்தோரு வருஷம். செக்கிங் டேபிளில் சேர்ந்து, கட்டிங் கற்று, துணி வெட்ட அளவு அட்டை போடுகிற பேட்டர்ன் மாஸ்டர் ஆனவள். பேட்டர்ன் மாஸ்டரைப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர் எங்கீங்க?" என்று கேட்பார்கள். நான்தான் என்று சொன்னால் நம்பாத முகத்தோடு மறுபடி பார்ப்பார்கள். அளவில் மட்டும் என்னைக் குறை சொன்னவர் கிடையாது. அந்தத் திமிர் எனக்கு உண்டு. இந்தக் கதைக்கு அதுதான் காரணம்.

2. நடுவில் ஒரு அளவு

இதே டீமுக்குப் போன வருஷமும் நாங்கள்தான் தைத்தோம். பழைய பேட்டர்ன் அட்டையெல்லாம் பெயர் எழுதி ஆணியில் தொங்கியது. இந்த வருஷம் புது சார்ட் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கேப்டனுக்குப் போன வருஷம் பைசெப், அதாவது மேல்கைச் சுற்றளவு, பதிமூன்று இஞ்ச். இப்போது பதினாலரை. செஸ்ட்டில் இரண்டு இஞ்ச் கூடுதல். கழுத்து ஒரு இஞ்ச். மற்றவர்களுக்கும் அப்படித்தான்.

அதே ஆட்கள், ஒரே வருஷம். ஸ்வெட்டருக்கு மேலே டேப் பிடித்திருப்பார்கள் என்று முடிவு கட்டினேன். ஆர்டர் கொடுக்கிற பையர் அனுப்புகிற சார்ட்டில் இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் பார்த்திருக்கிறேன். குழந்தை பனியனுக்கு நாற்பது இஞ்ச் கை போட்டு வந்திருக்கிறது.

இப்படிப் பழைய அளவும் புது அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் நாங்கள் நடுவில் ஒரு அளவு எடுத்து சாம்பிள் தைப்போம். பையர் போட்டுப் பார்த்து கமெண்ட் அனுப்புவார். அதை வைத்துத் திருத்திக்கொள்வோம். மெயில் போட்டுப் பதிலுக்கு நாலு நாள் காத்திருப்பதைவிட அது சுலபம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் செய்தார்.

சாம்பிள் செக்‌ஷனில் பிளாட்லாக் மெஷின் ஓட்டுகிற மினதி ஒடிசாக்காரி. திருப்பூர் வந்து ஆறு வருஷத்தில் எங்களைவிட அதிகமாக 'ங்க' போடுவாள். சார்ட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, இது சரியாத்தான் இருக்குமுங்க. எங்க பக்கம் பள்ளிக்கூடத்துலயே பொண்ணுங்க ரக்பி வெளையாடுவாங்க. நல்லா வெளையாண்டா கை இப்படித்தானுங்க ஆகும்."

"நீ பிளாட்லாக்கைப் பாரு கண்ணு. சார்ட்டை நான் பாத்துக்கறேன்," என்றேன்.

பதினாறு பேருக்கும் நடுவில் ஒரு அளவு போட்டேன். இந்த ஆர்டரில் சாம்பிளும் கிடையாது, கமெண்ட்டும் கிடையாது, நேராக சரக்கு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கை பழக்கப்படி போனது.

3. எக்ஸ்எல் யோசனை

விஷயத்தைக் கம்பெனி எம்.டி.யிடம் போய்ச் சொன்னேன். என்னைவிட வயதில் சின்னவர். கோபம் வந்தாலும் மரியாதை குறையாது. அது இன்னும் மோசம்.

"ஏனுங்கக்கா, அவங்க சார்ட் தப்புங்களா, நம்ம தப்புங்களா?"

"என்ற தப்புங்க சார்."

"செரி விடுங்க. எல்லாத்துக்கும் எக்ஸ்எல் தச்சு அனுப்பிச்சுரலாமுங்களா? தொளதொளன்னு இருந்தா யாருக்கும் சேருமுங்களே."

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். ரெபெக்காவிடம் கேட்டபோது அவர் ரொம்பப் பொறுமையாக விளக்கினார்.

"மேடம், இந்த ஆட்டத்துல ஓடுறவளைப் பிடிச்சுக் கீழ தள்றதுதான் எதிராளிக்கு வேலை. துணி தொங்குனா அதைத்தான் பிடிப்பா. ஒட்டியும் இருக்கணும், கை தூக்கவும் வரணும். இல்லன்னா போன வருச ஜெர்சியே போடச் சொல்லிடறேன். அது இதைவிடச் சின்னதுதான், ஆனா போட்டுப் போட்டு இழுபட்டிருக்கு, எப்படியோ மாட்டிக்கலாம்."

பழைய ஜெர்சியைப் போட்டால் பாதிப் பேருக்குக் கை தூக்க வராது. தூக்காமல் பந்தைப் பிடிக்க முடியாது. நான் போட்ட அளவால் ஒரு நாட்டின் டீம் கையைக் கட்டிக்கொண்டு ஆடப்போகிறது.

"நாளைக்கு நானே வந்து அளவெடுத்துக்கறனுங்க," என்றேன். மொழித் துணைக்கு மினதியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

4. பெங்களூரில் டேப்

பிராக்டீஸை நிறுத்திவிட்டுப் பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். முதலில் கேப்டன். கையை மடக்கச் சொல்லி டேப்பைச் சுற்றினேன். பதினாலரை. மறுபடி சுற்றினேன். பதினாலரைதான். அவள் பொறுமையாக நின்றாள்.

பதினாறு பேரையும் அளந்தேன். சார்ட்டில் ஒரு கால் இஞ்ச்கூடத் தப்பில்லை.

"போன வருசம் டோர்னமென்ட்டுக்குப் பத்து நாள் முன்னாடிதான் கேம்ப் போட்டாங்க. அவங்கவங்க ஊர்ல கெடைச்சதைச் சாப்பிட்டு வந்து ஆடுனாங்க. எல்லா மேட்ச்சும் தோத்தோம். இந்த வருசம் எட்டு மாசமா இங்கேயேதான் மேடம். ஜிம், முட்டை, கறி, தூக்கம் எல்லாம் சரியா நடக்குது. டீம் தேறுதான்னு எல்லாரும் கேக்கறாங்க. பதில் நான் அனுப்புன சார்ட்லயே இருந்துச்சே," என்றார் ரெபெக்கா.

கேப்டனும் ஒடிசாக்காரிதான். மினதியிடம் ஒடியாவில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். மினதி சிரிக்கவில்லை. என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க்கா."

"சொல்லு கண்ணு."

"லீவுக்கு ஊருக்குப் போனா அவிய ஊட்லயும் இதையேதான் சொல்றாங்களாமுங்க. பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு கை இருக்காது, என்னமோ தப்பாயிருச்சுன்னு. இப்பத் துணி தைக்கறவங்களும் அதையே சொல்லிட்டாங்கன்னு சிரிக்கறாங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாஸ்டர் எங்கே என்று என்னிடமே கேட்டவர்களின் முகத்தை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். நானும் அதே முகத்தோடுதான் சார்ட்டைப் பார்த்திருக்கிறேன். தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள் என்று சொல்லச் சொன்னேன். மினதி சொன்னாள். கேப்டன் என் தோளில் தட்டினாள். அந்தத் தோள் இரண்டு நாள் வலித்தது.

5. பதினாலு நிமிஷம்

வியாழக்கிழமை பேட்டர்ன் புதிதாகப் போட்டு வெட்டினேன். பக்கத்து வீரபாண்டியில் நம்பர் பிரிண்ட் அடித்து வாங்கி வெள்ளிக்கிழமை தைத்தோம். தோள் தையலை மினதி இரண்டு தடவை ஓட்டினாள். சனிக்கிழமை விடிகாலை ஆள் கையில் கொடுத்து அனுப்பினோம். "எல்லாருக்கும் சேந்துச்சு" என்று ரெபெக்கா மெசேஜ் போட்டபோது மத்தியானம் மணி பன்னிரண்டு. அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற இந்த வகை ரக்பி மேட்ச் பதினாலு நிமிஷம்தான். எங்கள் டீ பிரேக் பதினைந்து. மினதியின் போனைச் சுற்றி ஒடிசாப் பிள்ளைகள் இருபது பேர், நடுவில் நான். எனக்கு ஆட்டம் புரியவில்லை. தோள் தையலைத்தான் பார்த்தேன். இழுத்தார்கள், தள்ளினார்கள், மேலே ஏறி விழுந்தார்கள். தையல் விடவில்லை.

இரண்டு மேட்ச் ஜெயித்தார்கள். மூன்றாவதில் ஜெயித்திருந்தால் அரையிறுதி. இரண்டு பாயிண்ட்டில் போய்விட்டது. மினதி போனை மூடிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

டீம் ஊர் திரும்பிய மூன்றாம் நாள் ரெபெக்காவுக்கு நானே போன் போட்டேன்.

"ஏனுங்க, அடுத்த வருசத்துக்கு இந்த அளவையே ரிப்பீட் போடுன்னு சொல்லிராதீங்க. அப்ப இன்னும் ஏறியிருப்பாங்க. தைக்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க, நானே வந்து அளந்துக்கறேன்."

"மேடம், வந்து எறங்குனதுலேர்ந்து எல்லாரும் ஏன் தோத்தீங்கன்னுதான் கேக்கறாங்க. அடுத்த வருசம்னு எங்ககிட்ட முதல்ல பேசுனது நீங்கதான். இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன், பொண்ணுங்ககிட்ட இதையே இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார்.

எனக்கு ஹிந்தியும் வராது, ஒடியாவும் வராது. மினதியைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தேன்.

பேட்டர்ன் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வந்த அளவு நம்புகிற மாதிரி இல்லை என்றால், கத்தரியை எடுப்பதற்கு முன் ஒரு போன் போடுங்கள். ஆள் வளர்ந்திருக்கலாம்.