ஒழுங்கை முழுக்க ஒரே கரண்டி

“…ஒரு கரண்டி எண்டு சொல்லுங்க எண்டு வீடு வீடாப் போய்ச் சொல்லி வெச்சதே நான்தான். அதுல என்ன பிழை ஈக்குது, மிஸ்?”

கேட்டவர், கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவில் ஒரு குறுகலான ஒழுங்கையின் முகப்பில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தாத்தா. தாத்தா என்றதும் நரைத்த தாடியைத் தேடாதீர்கள். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். ஒழுங்கை முழுவதற்கும் அவர் தாத்தா. போகப் போக எனக்கும் ஆகிவிட்டார். அவர் இதைக் கேட்ட நேரத்தில் என் கையில் நாற்பது வீடுகளின் படிவங்கள் இருந்தன. நான்கு ஞாயிறுகளின் அலைச்சல். பிழை என்னவென்று சொன்னால் அவர் மனம் நோகும். சொல்லாவிட்டால் என் பட்டம் போகும்.

நான் குண்டசாலையிலிருந்து பஸ் ஏறி வந்து, கண்டி டவுனில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தின் கவுண்டரில் ரிப்போர்ட் கொடுக்கிறவள். ஊராருக்குச் சீனி எவ்வளவு என்று வருடக்கணக்காக அச்சடித்துக் கொடுத்ததில் இலக்கங்கள் மீது ஒரு பிரியம் வந்துவிட்டது. வெளிவாரியாக முடித்த ஒரு பட்டம் கையில் இருந்தது. கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவதை பஸ்ஸில் வீடியோ பார்த்துப் படித்தேன். அந்தத் துணிச்சலில், சனிக்கிழமைகளில் நடக்கும் முதுமாணி வகுப்பில் சேர்ந்தேன். உயிர்ப் புள்ளிவிபரவியலும் தரவு விஞ்ஞானமும்.

“அப்படின்னா என்னா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“மனுசங்கள எண்ணுறது.”

“அதத்தான் பஸ் கண்டக்டரும் செய்றாரு. அவருக்கு யாரு பட்டம் குடுத்தா?”

கேலி செய்தாலும் சனிக்கிழமைச் சமையல் அவருடையது. அந்தச் சமையலைப் பற்றி நான் எந்தத் தரவும் சேகரிக்கவில்லை.

ஆய்வுக்கு நான் எடுத்தது, ஒரு கோப்பைத் தேநீருக்கு எத்தனை கரண்டிச் சீனி என்ற கேள்வி. இரத்தத்தில் ஏறிய பிறகு எண்ணுகிறோமே, கோப்பையில் விழும்போதே எண்ணினால் என்ன என்று தோன்றியது. வீட்டுக்கு வீடு கரண்டி வேறாக இருக்கும் என்பதால் ஓர் அளவுக் கரண்டி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். எந்தெந்த வீடு என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. அது எடுத்த வீட்டுக்குப் பதிலாக வேறு வீடு போகக் கூடாது. அதுதான் விதி.

முதல் நாளே அந்த விதியில் தடுக்கி விழுந்தேன். கடை வாசலில் நின்று வீட்டு இலக்கங்களைச் சரிபார்த்தபோது தாத்தா பட்டியலை எட்டிப் பார்த்தார்.

“எங்கட வீடு எங்க?”

“இல்ல தாத்தா. கம்ப்யூட்டர் எடுக்கல.”

“வலப்பக்கத்து வீடு ஈக்குது. இடப்பக்கத்து வீடும் ஈக்குது. நடுவுல நான் மட்டும் உங்கட கம்ப்யூட்டருட கண்ணுல படல்லயா?”

கலியாண வீட்டுக்கு அழைப்பு வராதவரின் முகம் அது. குலுக்கி எடுக்கும் எழுமாற்று மாதிரி என்றால் என்ன என்று விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “சரி, என்ன எடுக்கல்ல. நானே உங்கள எடுத்துக்கொண்டு போறேன்” என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார். அன்றிலிருந்து எந்த வாசலிலும் நான் இரண்டாவது முறை தட்டவில்லை. கதிரை துடைத்து வைத்திருந்தார்கள், தேத்தண்ணி ஆறாமல் வந்தது, கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்தது.

“ஒரு கரண்டி.”

எல்லா வீட்டிலும் ஒரு கரண்டி. அளவுக் கரண்டியை வெளியே எடுக்காமலே நானும் மகிழ்ந்துபோய் எழுதினேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது சுவையாக ஒன்று சொல்லிவிட்டால் எழுதாமல் இருக்க முடியாது. பதிலுக்கு விட்ட கட்டத்தில் ‘1’ என்று போட்டுவிட்டு, ஓரத்தில் அவர்கள் வாயால் வந்ததைக் குறித்து வைத்தேன். “ஒரு கரண்டிதான், மத்த இனிப்பெல்லாம் டின்பால் பாத்துக்கொள்ளும்.” “ஒரு கரண்டி மிஸ், ஆனா குவிச்சு, கரண்டி முகம் வாடக் கூடாது.” தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி டவுனில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன், “நான் ஒண்ணுதாங்க போடுவேன். சம்சாரம் போடுறத நான் எண்ணுறதில்ல” என்றார். அவர் வீட்டில் கொடுத்த தேநீரில் உதடுகள் ஒட்டிக்கொண்டன. அதை மட்டும் நான் ஓரத்தில் எழுதவில்லை. குடித்த வீட்டைக் குறை எழுதுவதா?

என் மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்து விரிவுரையாளர். மெல்லிய குரல், அதட்டினாலும் தாலாட்டுப் போலத்தான் கேட்கும். நான் வரைந்து கொடுத்த வரைபடத்தில் ‘ஒன்று’ என்ற இடத்தில் ஒரேயொரு தூண், தந்திக் கம்பம் போல நின்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“ஓம், வடிவாத்தான் இருக்கு. ஆனா பிள்ளை, மனிசர் இப்பிடி இருக்கமாட்டினம். ஊருக்கே ஒரு கரண்டிதானோ?”

“அவங்க சொன்னததான் எழுதினேன், மேடம்.”

“இந்த ஓரத்தில கிடக்கிறதும் அவை சொன்னதுதானே? கட்டத்துக்குள்ள ஒரு கதை, ஓரத்தில வேற கதை. ஆரோ உங்களுக்கு முன்னம் போய்ச் சொல்லிக் குடுத்திருக்கினம். திரும்பப் போய்க் கேளுங்கோ. இதுக்கு நான் கையெழுத்துப் போடன்.”

மாத முடிவில் சமர்ப்பிக்க வேண்டும். தவறினால் அடுத்த மாணவர் அணியோடு இன்னொரு வருடம். இன்னொரு வருடச் சனிக்கிழமைச் சமையலை என் குடும்பம் தாங்குமா என்பது தனிக் கேள்வி.

அந்த ஞாயிறு காலை நேராகக் கடைக்குப் போனேன். முன்கூட்டியே யாரும் வந்து சொன்னார்களா என்று சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். தாத்தா சுற்றவும் இல்லை, வளைக்கவும் இல்லை. பெருமையோடு சொன்னார், நான் தொடக்கத்தில் எழுதினேனே, அதை.

“பிழைன்னு இல்ல, தாத்தா,” என்று இழுத்தேன். “எல்லாரும் ஒண்ணு ஒண்ணுன்னா, இந்த ஒழுங்கையில யாருக்குமே சீனி வருத்தம் ஒண்ணுமில்லன்னு ஆகிடும். நாளைக்கு ஒரு உதவி வந்தாலும் வேற ஊருக்குப் போயிடும். எனக்கும் கையெழுத்துக் கிடைக்காது.”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

“கிளினிக்குக்குப் போனா ஏச்சு. டொக்டர் ஏசுவாரு, நர்ஸ் ஏசுவா. பேனையும் பேப்பருமா நீங்க வாறத கண்டதும், வாசல்லயும் ஏச்சு கேக்கவா இந்த சனம் எண்டு நெனச்சேன். அதான் காப்பாத்தினேன்.”

“நான் ஏசினேனா?”

“நீங்க ஏசல்ல. நீங்க ஏசமாட்டீங்க எண்டு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

சீனி மூட்டையில் சாய்ந்து நின்றிருந்தேன். அப்போதுதான் உறைத்தது: ஒழுங்கை முழுக்கச் சீனி போவது இந்த மூட்டையிலிருந்துதானே?

“தாத்தா, யாரு எவ்வளவு வாங்குறாங்கன்னு உங்களுக்கே தெரியுமே…”

“தெரியும்.” மூட்டையின் வாயைச் சுருட்டி மூடினார். “அது அவங்களுக்கும் கடைக்கும் உள்ள கத. உங்களுக்கு இல்ல.”

வெட்கத்தில் காது சுட்டது. அவரவர் சம்மதமில்லாமல் தகவல் எடுக்கக் கூடாது என்று ஒரு முழுப் பாடம் படித்து, நல்ல புள்ளியும் வாங்கியவள் நான்.

தாத்தா என் பையைத் திறந்து அளவுக் கரண்டியை எடுத்துக்கொண்டு, கடையை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். நான் படிவங்களோடு பின்னால் ஓடினேன். பட்டியலில் முதலாவது வீடு, ஓய்வு பெற்ற ஒரு டீச்சருடையது. முற்றத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வீடும் என் பட்டியலில் இருந்தவை. மூன்றும் ஒரு கரண்டி.

“டீச்சர், ஒரு பிளேன்டீ ஊத்துங்க. சீனி போடாம. சீனிப் போத்தல தனியாத் தாங்க.”

வந்தது. தாத்தா நின்றபடியே கரண்டியைக் குவித்து அள்ளிப் போட்டார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி எண்ணிக்கொண்டு. ஒண்டு. ரெண்டு. மூணு. பெண்களின் கதை நின்றது. நாலு. கலக்கினார். ஒரு மிடறு குடித்துவிட்டு, நாக்கால் ருசி பார்த்து, இன்னொரு அரைக் கரண்டியும் போட்டார்.

“இதுதான் என்ட கணக்கு. மிஸ் ஏசல்ல, பாருங்க.”

நான் ஏசவில்லை. அவருடைய நாலரையை எழுத என்னிடம் படிவமும் இல்லை. தாத்தா கரண்டியை முந்தானையில் துடைத்து, டீச்சரிடம் நீட்டினார்.