அம்மா ஊட்டாத மூன்று மாதம்

எட்டு வயதுவரை எனக்கு அம்மாதான் சோறு ஊட்டினாள். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது துளிகூட இல்லை. என் பேச்சைக் கேட்காத விரல்கள் எனக்கு. பென்சிலைப் பிடித்தால் நழுவும். சோற்றை அள்ளினால் பாதி மடியில் விழும். சட்டைப் பொத்தானைத் துளைக்குள் விடுவதற்குள் பள்ளி வேன் ஹார்ன் அடித்து ஓய்ந்துவிடும். பக்கத்து வீட்டு அத்தை எனக்கு 'வாழைப்பழக் கை' என்று பட்டமே வைத்திருந்தார்.

மலேசியாவில், கோலா கங்சார் பக்கம் ஒரு பழைய தோட்டத்தில் இருந்தோம். ரப்பர் மரம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, இருந்த சனமும் பாதிக்கு மேல் டவுனுக்குப் போய்விட்டது. எங்கள் வரிசையில் ஆள் இருந்த வீடுகள் மூன்றோ நான்கோதான். அப்பா ஜோகூருக்கு லாரி ஓட்டினார். வாரத்தில் ஒருநாள் வந்து தூங்கிவிட்டுப் போவார். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. விளையாட, வம்பிழுக்க, எல்லாவற்றுக்கும் எனக்கு அம்மா ஒருத்திதான். கையுறை செய்யும் குளோவ் கம்பெனியிலிருந்து வந்து, குளித்து, சோற்றைப் பிசைந்து உருட்டி என் வாயில் வைப்பாளே, அந்த அரைமணி நேரத்துக்காக நாள் முழுக்கக் காத்துக்கிடப்பேன்.

டீச்சர் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி போடுவார்கள் என்று நடுங்கிக்கொண்டு போனால், அங்கே ஓர் அறை நிறைய விளையாட்டுச் சாமான். முக்காடு போட்ட ஒரு மலாய்க்கார அக்கா இருந்தார். துணி கிளிப்பை அட்டையில் மாட்டச் சொன்னார். மாவு போன்ற ஒன்றைப் பிசைந்து, உள்ளே ஒளித்த மணிகளைத் தேடச் சொன்னார். இதற்குப் பெயர் தெராபியாம், கையைப் பழக்கும் வைத்தியமாம். எனக்கு அந்த அக்காவைப் பிடித்துத்தான் போயிற்று, கடைசி ஐந்து நிமிடம் வரைக்கும். அப்போதுதான் அவர் அம்மாவிடம் திரும்பி, "ஜாங்கான் தோலோங்," என்றார். உதவி செய்யாதீர்கள் என்று அர்த்தம். சோறானாலும் பொத்தானானாலும் அவளே செய்யட்டும், உங்கள் கை தானாக நீண்டால் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்காருங்கள் என்று செய்தும் காட்டினார். நான் சிரித்தேன். ஐயோ, சிரித்தேனே!

அன்றைக்கே தொடங்கியது. தட்டை என் முன்னால் வைத்துவிட்டு அம்மா எதிரே உட்கார்ந்தாள், கைகள் இரண்டும் தொடைக்கு அடியில். பருப்பு என் முழங்கைவரை வழிந்தது. வாயைத் திறந்து காட்டினேன், அழுதேன், தட்டைத் தள்ளினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அத்தை வந்துவிட்டார். "ஏன்லா புள்ளைய இப்படி அழ வெக்கிற? ஒரு வாய் ஊட்டுனா என்னா கொறஞ்சா போயிடும்? கல்லு மனசுலா ஒனக்கு," என்றார். அம்மா தொடைக்கு அடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அத்தைக்கு நான் மனதுக்குள் நூறு கும்பிடு போட்டேன்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: ஈப்போ அக்கா என்னமோ சொல்லிவிட்டார், அம்மாவுக்கு என்மேல் இருந்த ஆசை விட்டுப்போய்விட்டது. பள்ளியிலும் ஓய்வு நேரத்தில் நான் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பேன். சிந்திச் சாப்பிடுகிறவள் பக்கத்தில் யார் வருவார்கள்? இப்போது வீட்டிலும் அதே கதை. அம்மா எதிரே இருக்கும்போதே, ஆளில்லாத வீட்டில் சாப்பிடுவதுபோல் சாப்பிட்டேன்.

வைத்தியம் பலித்துத் தொலைத்தது, அதுதான் கொடுமை. இரண்டாம் மாதக் கடைசியில் ஒரு காலை, குளியலறையில் ஐந்து பொத்தான்களும் அதனதன் துளையில் போய் உட்கார்ந்தன. துள்ளிக் குதித்தேன். அடுத்த நிமிடமே நின்றுவிட்டேன். எனக்கு எல்லாம் வந்துவிட்டால், இனி இவள் எதற்கு என்னைத் தொடப்போகிறாள்? உடனே நடுவில் இரண்டு பொத்தான்களைக் கழற்றி, துளை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். தினமும் அப்படியே செய்தேன். வந்துவிட்ட கையை வைத்துக்கொண்டு சோற்றையும் வேண்டுமென்றே சிந்தினேன்.

மூன்றாம் மாதம் ஈப்போவில் பரிசோதனை. தேறிவிட்டால் இனி வாராவாரம் வரவேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்காகப் புதன்கிழமைதோறும் லீவு கேட்கிற அம்மாவிடம், இப்படியே போனால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டிருந்தார். அதெல்லாம் எனக்கு அப்போது எங்கே தெரியும்? அக்கா ஒரு சட்டையை நீட்டினார். நான் வெகு திறமையாகத் தோற்றேன். வீட்டில் எப்படி, போடுகிறாளா என்று அக்கா கேட்டார். அம்மா என் கையைப் பார்த்தாள்.

"பெலும்," என்றாள். இன்னும் இல்லையாம். மேலும் மூன்று மாதம் வரச்சொல்லி எழுதிக்கொடுத்தார்கள்.

பஸ் நிலையத்தில் அம்மா ஒரு நாசி லெமாக் பொட்டலம், தேங்காய்ப்பால் சோறு, வாங்கினாள். இலையைப் பிரித்து, காரச் சம்பலை ஓரமாக ஒதுக்கி, சோற்றைச் சின்னதாக உருட்டி என் வாயருகே கொண்டுவந்தாள். நான் கேட்கவே இல்லை. நெத்திலியை எல்லாம் எனக்கே பொறுக்கி வைத்து, கடைசி வாய்வரைக்கும் ஊட்டினாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாளே பழையபடி எதிரே உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். அடுத்த பரிசோதனையில் எனக்கே சலித்துப்போய் ஒழுங்காகப் போட்டுக் காட்டிவிட்டேன்.

போன வருடம் ஏதோ பேச்சுவாக்கில் அந்தத் திருட்டுத்தனத்தை அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும்லா. போடத் தெரியாத புள்ள தெனமும் அதே ரெண்டு பொத்தானையா மாத்திப் போடும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்துமா அங்கே பொய் சொன்னாய், வேலையே போகிற மாதிரி இருந்த நேரத்தில், என்று கேட்டேன்.

"போடுறாள்னு சொல்லிட்டா ஒனக்குக் கை வந்துடுச்சுன்னு ஆயிடும், அப்புறம் ஒனக்கு ஊட்ட எனக்கு ஏது சாக்கு?" என்றாள் அம்மா. "ஒனக்கு மட்டுந்தான் ஏக்கமா? மூணு மாசமா கைமேல உக்காந்திருந்தது நான்லா."