காதர் மச்சானின் கலோரிக் கணக்கு: மட்டாஞ்சேரியில் மூன்று காலைகள்

நடப்பதற்காக ஊர் ஊராகப் போகிறவன் நான். இந்த முறை ஒருவருடைய நடையைக் குறைப்பதற்காகப் போனேன்.

போன மாதம், மழை சற்று விட்டிருந்த வாரத்தில், அக்கா நூர்ஜஹான் மட்டாஞ்சேரியிலிருந்து கூப்பிட்டாள். அவள் கணவர் காதர் மச்சானுக்கு வயிற்றில் புற்றுநோய் வந்து, பாதி இரைப்பையை எடுத்து ஆறு மாதம் ஆகிறது. தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லித்தான் டாக்டர் அனுப்பியிருந்தார். மச்சான் அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டார்.

"தெனமும் ஃபோர்ட் கொச்சி வரைக்கும் போயிட்டு வர்றார். உடம்பு கரைஞ்சுகிட்டே போகுது. நீ நடக்கிற ஆளு, நீ சொன்னா கேப்பார்" என்றாள்.

கோவையிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயிலில் நான்கு மணி நேரம். ஹைகோர்ட் ஜெட்டியிலிருந்து படகில் ஃபோர்ட் கொச்சி, அங்கிருந்து ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூறு ரூபாய் கேட்டார், எண்பதுக்கு ஒத்துக்கொண்டார். கதவைத் திறந்தவர் மச்சான்தான் என்று புரிய எனக்கு ஒரு நொடி பிடித்தது. என் முகத்தில் அதை அவர் பார்த்துவிட்டார்.

மறுநாள் காலை ஆறரைக்குக் கிளம்பினோம். மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பின்னால் அக்கா வீடு இருக்கும் சந்திலிருந்து பஜார் ரோடு வழியாகக் கடற்கரை வரை சுமார் மூன்று கிலோமீட்டர், முழுக்கத் தட்டையான சாலை. மசாலாக் கிடங்குகள் திறந்திருக்கவில்லை, ஆனாலும் தெரு முழுக்கச் சுக்கு வாசனை. லாரிகள் வருவதற்கு முன் நடக்க இதைவிட நல்ல வழி கொச்சியில் எனக்குத் தெரியாது. ஏறக்குறைய பாதி வழியில் இருக்கும் கல்வத்திப் பாலத்தில் மச்சான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"திரும்பிடலாமா மச்சான்?"

"க்ஷீணம், களைப்பு ஒண்ணும் இல்ல சலீமே. நீ வெறுதே பயப்படாதே" என்று மலையாளம் கலந்து சொல்லிவிட்டு மறுபடி நடந்தார்.

வீடு திரும்பியதும் போனைக் காட்டினார். எண்ணாயிரத்து ஐந்நூறு காலடி, முந்நூற்று அறுபது கலோரி. அந்த ஒரு நேரம்தான் அவர் முகத்தில் தெம்பு இருந்தது. எனக்கு எண் இடித்தது. தட்டையான சாலையில் ஒரு கிலோமீட்டர் நடந்தால், நம் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் முக்கால் கலோரி போல் செலவாகும். இது தோராயக் கணக்குதான், ஆனாலும் இவ்வளவு மெலிந்தவருக்கு ஆறு கிலோமீட்டரில் அந்த எண் வராது. செயலியின் அமைப்புகளைத் திறந்தேன். எடை என்ற இடத்தில் எண்பத்தொன்று என்று இருந்தது.

"இது பழைய எடையாச்சே."

"தெரியும்" என்றார். "அதை மாத்த வேண்டாம்."

அக்கா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போனை மச்சானிடமே கொடுத்தேன்.

இரண்டாம் நாள் பாலத்தில் நின்றபோது அவரே ஆரம்பித்தார். "ஆஸ்பத்திரியில எனக்கு அடுத்த கட்டில்ல ஆலப்புழைக்காரர் ஒருத்தர். ரெண்டு பேரும் வராந்தாவுல சேர்ந்துதான் நடப்போம். ஒருநாள் இன்னைக்கு வேண்டாம்னு படுத்தார். அப்புறம் எந்திரிக்கவே இல்ல. உங்க அக்காகிட்ட இதைச் சொன்னதில்ல."

பாலத்துக்குக் கீழே கால்வாயில் ஒரு வள்ளம் போய்க்கொண்டிருந்தது. நடையைக் குறையுங்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தேன். அந்தச் சொல் அவருக்கு எப்படிக் கேட்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

"நிறுத்த வேண்டாம் மச்சான்" என்றேன். "ஆனா எவ்வளவு செலவாகுதுன்னு சரியா தெரிஞ்சுக்கலாம்."

சரி என்று தலையசைத்தார். அன்று கடற்கரைக்குப் போகவில்லை. பஜார் ரோட்டில் அவர் இருபது வருஷம் கணக்கு எழுதிய சுக்குக் கிடங்கு திறக்கும் வரை ஒரு சாயாக் கடையில் உட்கார்ந்திருந்தோம். மூட்டை நிறுக்கும் தராசு அங்கேதான் இருக்கிறது. வீட்டில் எடை பார்க்க நிற்க மாட்டேன், அக்கா பார்ப்பாள் என்றார் மச்சான்.

கிடங்கில் அவருடைய பழைய கூட்டாளி நாசர் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தராசு மேடையில் இருந்த மூட்டையை இறக்கினார். "கேறி நில்க்கு, காதரிக்கா" என்றார். மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். ஐம்பத்தைந்து. நாசர் எண்ணைப் பார்த்துவிட்டுத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். மச்சான் மட்டும் கண் எடுக்காமல் பார்த்தார். பிறகு போனை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, அவரே எண்ணை மாற்றினார்.

புது எடைக்கு அதே ஆறு கிலோமீட்டர் இருநூற்று ஐம்பது கலோரிக்குள்தான் வரும். "அவ்வளவுதானா?" என்றார். அதுவே அதிகம் என்றேன். ஆறு வேளையாகப் பிரித்து அவர் சாப்பிடுவதெல்லாம் சேர்ந்து ஆயிரத்து இருநூறைத் தாண்டாது. ஐந்தில் ஒரு பங்கு தெருவிலேயே போய்க்கொண்டிருந்தது.

அன்று மதியம் ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகரிடம் போனில் பேசினோம். நடை வேண்டும், தசை குறையாமல் இருக்க அது உதவும் என்றார் அந்தப் பெண். ஆனால் தூரத்தைப் பாதியாக்கி, நடைக்கு முன்னும் பின்னும் ஏதாவது சாப்பிடச் சொன்னார். மச்சான் போனை வாங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பாதி நடந்தா போதும்னு உறப்பா?" உறுதிதான் என்று அந்தப் பெண் சொன்ன பிறகே போன் என் கைக்கு வந்தது.

மூன்றாம் நாள் காலை வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். கல்வத்திப் பாலத்தில் நின்று, தூரத்தில் கடற்கரையின் சீன மீன்வலைகள் இருக்கும் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பினார். வழியில் ஒரு அவித்த முட்டையை வெகு நிதானமாக மென்று தின்றார். ஆலப்புழைக்காரரைப் பற்றி அன்றிரவு அக்காவிடம் அவரே சொன்னார்.

இதே வழியில் நடக்க வருபவர்களுக்கு: ஏழரைக்குள் பஜார் ரோட்டைத் தாண்டிவிடுங்கள், அப்புறம் லாரிகளுக்கு நடுவில்தான் நடக்க வேண்டும். தண்ணீர் கையில் இருக்கட்டும். போன் காட்டும் கலோரியை நம்புவதற்கு முன் உங்கள் இன்றைய எடையைப் போடுங்கள். கூட வருபவர் நோயிலிருந்து மீண்டு வருகிறவர் என்றால், எவ்வளவு நடக்கலாம் என்பதை அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். தினம் பத்தாயிரம் காலடி என்ற எண் அவருக்காக வந்தது அல்ல.

நேற்று அக்கா பேசினாள். அடுத்த ஸ்கேன் வரும் வரை டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டாராம். எடை அரைக் கிலோ கூடியிருக்கிறது. இப்போது காலையில் அவளும் கூடப் போகிறாள். அவள் மெதுவாக நடப்பதால், மச்சான் அவளுக்காக நின்று நின்று போக வேண்டியிருக்கிறதாம்.