நேற்று வண்டியை எங்கே நிறுத்தினீர்கள்?

கார் கிளம்ப மறுக்கும்போது மட்டும், வீட்டில் சொல்லாததையெல்லாம் எல்லோரும் ஜெயசீலியிடம் ஏன் சொன்னார்கள்? எனக்கு விடை தெரியவில்லை. அவள் இறந்த செய்திகூட என் கணவரின் கைபேசிக்குத்தான் முதலில் வந்தது. பொன்னேரிக் கல்லூரியில் இத்தனை ஆண்டுகள் அவளுடன் ஒரே அறையில் அமர்ந்தவள் நான்.

அவள் இயற்பியல், நான் வரலாறு. பழவேற்காட்டில் பழைய கார் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் வைத்தியர் என்பது ஊருக்கே தெரியும். எடுத்தவுடன் பானெட்டைத் திறக்கமாட்டாள். முதலில் கேள்விதான். கல்லூரியில் அவள் வாயில் வராத ஊர்ப் பேச்சுவழக்கு, காரருகே வந்தால் தானாக வந்துவிடும்.

ஒரு மழைக்காலக் காலையில், மாமனார் விட்டுச்சென்ற எங்கள் பழைய கார் மக்கர் செய்தது. ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஜெயசீலி வந்து, என் கணவர் உட்கார்ந்திருந்த பக்கத்து ஜன்னலருகே நின்றாள்.

“நேத்து வண்டிய எங்கண்ணா நிறுத்தினீங்க?”

“வூட்டாண்டதாம்மா.”

“சும்மா சொல்லாதீங்க. கண்ணாடி பூரா உப்பு படிஞ்சிகீது.”

என் கணவர் சிரித்துவிட்டார். “முகத்துவாரத்தாண்ட. சாயங்காலம் பூரா தண்ணிய பாத்துக்கினு இருந்தேன்.”

“அப்போ ஈரம் உள்ள பூந்துகீது.” பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, முந்தானையால் உட்புறத்தைத் துடைத்து மாட்டினாள். கார் கிளம்பியது.

முந்தின நாள் மாலை சங்கக் கூட்டம் என்றுதான் அவர் என்னிடம் சொல்லியிருந்தார்.

“மூடியத் திறந்தாலே தெரிஞ்சிருக்குமே. எதுக்கு இந்த விசாரணை?” என்றேன்.

“வண்டிக்கு வாய் இல்ல மேடம். ஓட்டுனவருக்குக் கீதே. அத வுட்டுட்டு எதுக்கு எல்லாத்தையும் கழட்டணும்?”

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்காரக்கூடியவர் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவர்களுக்கிடையே தவறாக எதுவும் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். ஒரே கேள்வியில் அவளுக்குக் கிடைத்தது, இத்தனை வருட இல்வாழ்வில் எனக்குக் கிடைக்கவில்லை. பொறாமைதான். அவள் போன பிறகும் குறையவில்லை.

அவளிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொள்வது அந்தக் கேள்வியை மட்டும்.

அடக்கத்தின் மறுநாள் காலை கார் கிளம்பவில்லை. அவர் சாவியில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் வழக்கமாக நிற்கும் ஜன்னலருகே போய் நின்றேன்.

“நேத்து வண்டிய எங்க நிறுத்தினீங்க?”

நிமிர்ந்து பார்த்தார். “முகத்துவாரத்தாண்ட. அடக்கம் முடிஞ்சி அங்கதான் போனேன். வூட்டுக்கு வர மனசில்ல.”

மூடியைக் கழற்றினேன். உள்ளே ஈரம் இருந்தது. துடைத்து மாட்டினேன். கார் கிளம்பவில்லை.

பொன்னேரிக்குப் பேருந்தில் போனோம். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார், பெரும்பாலும் ஜெயசீலியைப் பற்றி. நான் குறுக்கிடவில்லை.