நீர்மூழ்கிக்கு வைத்த எலுமிச்சம்பழம்

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவள் நான். மகளின் தண்ணீர் பாட்டில் மூடியைப் பள்ளி வாசலில் மறுபடியும் திருகுவேன். "வேலை பாக்குற எடத்துலயும் இப்படித்தானா நீ?" என்பார் கணவர். அங்கேயும் இப்படித்தான். ஆனால் அங்கே இதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

ஓசூரில் ஒரு சிறிய பட்டறையில் தரப் பரிசோதனை என் வேலை. கடற்படையின் பழைய நீர்மூழ்கிகளுக்குப் பதிலாகப் புதியவை கட்ட வேண்டும். டெண்டர், பேச்சுவார்த்தை, ஒப்பந்தம் என்று அரசாங்கத்தில் ஆண்டுக்கணக்கில் நகர்ந்த அந்தப் பெரிய காரியம், எங்களிடம் வந்து சேர்ந்தபோது ஒரு வெண்கல வால்வாகச் சுருங்கியிருந்தது. கடல்நீர்க் குழாயில் பொருத்துவது. மாதிரியைக் கடற்படைத் தரப்பு ஆய்வாளர் நேரில் பார்த்து, அது நீரழுத்தச் சோதனையில் தேறினால் ஆர்டர் எங்களுக்கு. இல்லாவிட்டால் கோயம்புத்தூரில் காத்திருந்த இன்னொரு பட்டறைக்கு.

புது ஆர்டரின் முதல் உருப்படிக்குப் பூஜை போடுவது எங்கள் முதலாளியின் வழக்கம். ஆய்வுக்கு முந்தைய மாலை அதற்கும் போட்டிருக்கிறார். மறுநாள் காலை நான் போனபோது, வால்வின் அடைப்பு முகத்தில், இன்னொரு பாகம் ஒட்டி உட்கார்ந்து தண்ணீரைத் தடுக்கவேண்டிய அந்தப் பளபளப்பான வட்டத்தில், குங்குமம் தடவிய அரை எலுமிச்சம்பழம் கவிழ்ந்து கிடந்தது. எடுத்தால் கீழே இளஞ்சிவப்பாக ஒரு வளையம். அதன் விளிம்பை நகத்தால் வருடினேன். தட்டியது.

"தொடச்சா போய்டும்மா," என்றார் முதலாளி.

"போகல சார். அரிச்சிருக்குது."

"லேசா பாலிஷ் போட்டு வுட்டுடலாம்."

"போட்டா அளவு கொறஞ்சிடும்."

"சாமி காரியம்மா அது."

"சாமி மேல தப்பில்ல சார். பழம் புளிக்குதில்ல."

சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டோமோ என்று வெளியே போய்க் கை கழுவினேன். ஒரு கறைக்காக எல்லோருடைய பிழைப்பையும் கெடுக்கிறேனா? திரும்பி வந்து மறுபடி வருடினேன். மறுபடியும் தட்டியது. கழித்த உருப்படிக்கான சிவப்பு அட்டையைக் கட்டித் தனியே வைத்தேன்.

ஆய்வாளர் திருநெல்வேலிக்காரர். அவருக்கு டீ வருவதற்குள் நடந்ததை நானே சொல்லிவிட்டேன். அவர் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"திருஷ்டிக்கா வச்சிய? கடலுக்கு அடியில போறத எவன் பாத்துக் கண்ணு வைக்கப் போறான்?"

முதலாளி அந்த அரைப் பழத்தை எடுத்து மேசைக்கடியில் தள்ளினார்.

கூடுதலாக வார்த்த இன்னொரு வால்வு கடைந்து தயாராக இருந்தது. ஆனால் நான் இன்னும் அதை அளந்து பார்க்கவில்லை. அதையும் ஆய்வாளரிடம் சொன்னேன்.

"அளக்காதத நான் எப்படிம்மா பாக்க? மத்தியானம் கெளம்பிருவேன். அடுத்து எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது."

"சாப்பாட்டுக்குள்ள அளந்துடுறேன் சார்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். விட்டம், ஆழம், துளைகள், கடைசியாக அடைப்பு முகம். முடித்துவிட்டு அடைப்பு முகத்தை மட்டும் திரும்ப அளந்தேன்.

"அத இப்பத்தான அளந்திய?"

"ஆமா சார்," என்றேன், கையை நிறுத்தாமல். வீட்டில் இதைச் செய்யும்போது வரும் வெட்கம் அங்கே வரவில்லை.

பிறகு வால்வுக்குள் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றினோம். முதலாளி குங்குமம் ஒட்டிய விரலை மடக்கிக்கொண்டு நின்றார். நான் அழுத்தமானியின் முள்ளைப் பார்க்கவில்லை, இணைப்பைத்தான் பார்த்தேன். ஒரு துளியும் கசியவில்லை. நேரம் முடிந்ததும் ஆய்வாளர் பேனாவைத் திறந்தார்.

ஆர்டர் வந்து முதல் தொகுதி கிளம்பிய நாள், முதலாளி எலுமிச்சம்பழத்தோடு வழக்கம்போல என் மேசைப் பக்கம் வந்தார். என்னைப் பார்த்தார். "தெரியுதும்மா, தெரியுது" என்று முணுமுணுத்துவிட்டு வாசலில் நின்ற வண்டியின் சக்கரத்தடியில் கொண்டுபோய் வைத்தார். டிரைவர் சாவியைத் திருப்பினார். நான் கையைக் காட்டி நிறுத்தி, பெட்டிகளைக் கட்டியிருந்த பட்டையை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு வழிவிட்டேன்.