தந்தி சைக்கிளுக்கு ஒரு மணி

என் ஜன்னல் மாடத்தில் ஒரு சைக்கிள் மணி இருக்கிறது. சைக்கிள் இல்லை, மணி மட்டும். மேல்கிண்ணத்தில் முலாம் உரிந்து பித்தளை தெரிகிறது. கட்டைவிரலால் தள்ளுகிற நாக்கு இன்னும் வேலை செய்கிறது, ஏனென்றால் அவ்வப்போது நான்தான் அதைக் கழற்றித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் கை வைக்காமல் போக மாட்டார்கள். ஒருமுறை அடித்தால் போதும், "வைலே அதை!" என்று கத்திவிடுவேன். "அத்தைக்கு வருகிற கோபத்தைப் பார்" என்று என் மருமகள் சிரிப்பாள். கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் எண்பது தாண்டிய இந்த வயதிலும் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போகவேண்டும் போலிருக்கிறது. முழங்கால் வலிக்கிறது, அதனால் கத்துகிறேன்.

நாசரேத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, தூத்துக்குடியில் ஒரு சைக்கிள் கடைக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். துறைமுகத்துக்குப் போகிற சாலையில் மாமாவின் கடை இருந்தது. மாமா என்றால் என் மாமனார். என் வீட்டுக்காரருக்குக் கடை பிடிக்காது. நகக்கண்ணில் கிரீஸ் ஏறினால் அன்றைக்குச் சோறு இறங்காது அவருக்கு. கல்யாணமான கொஞ்ச நாளில் ரங்கூனில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதப் போய்விட்டார். அவரோடு கூடவே அதே கப்பலில் போனான், எங்கள் தெருவுக்குத் தந்தி கொண்டுவருகிற அண்ணாச்சியின் ஒரே மகன். இரண்டு பேரும் ஒரே ஆலை, ஒரே அறை. பிறகு யுத்தம் வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்தது என்று பத்திரிகையில் படித்தோம். அதோடு கடிதம் நின்றுபோயிற்று.

கடையில் வேலை பார்த்த ஆட்கள் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார்கள். மாமாவுக்கு வாதத்தில் விரல் மடங்காது. சாமான் பெட்டிகளில் இருக்கிற இங்கிலீஷை வாசித்துச் சொல்லத்தான் முதலில் என்னைக் கூப்பிட்டார். பிறகு "மருமவளே, அந்த நட்டைக் கொஞ்சம் பிடி" என்றார். பிறகு நானே முறுக்கினேன். மருமகள் கையில் ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு மாமனார் வெற்றிலை போடுகிறார் என்று ஊரே பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன். வேலை இருந்ததால்தான் நான் பைத்தியம் பிடிக்காமல் இருந்தேன்.

அப்போது தூத்துக்குடி காலியாகிக்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் கடல்வழியாக வந்து குண்டு போடப்போகிறான் என்று பேச்சு. பாதி ஊர் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் போயிற்று. என் அப்பாவும் மாட்டுவண்டியோடு வந்து நின்றார். நான் வரமாட்டேன் என்றேன். "தந்தி வந்தா இந்த விலாசத்துக்குத்தான் வரும். நான் அங்கன வந்து உக்காந்து என்ன செய்ய?" அப்பா திட்டினார், கெஞ்சினார், கடைசியில் வெறும் வண்டியோடு திரும்பிப் போனார். அன்றிலிருந்து நான் குட்டி போட்ட பூனை மாதிரி கடைக்கும் வாசலுக்கும் அலைந்தேன். கொடுமை என்னவென்றால் சைக்கிள் கடையில் நாள் முழுக்க மணி அடிக்கும். வாங்க வருகிறவன் அடித்துப் பார்ப்பான், வாங்காதவனும் அடித்துப் பார்ப்பான். ஒவ்வொரு தடவையும் நான் ஸ்பேனரைப் போட்டுவிட்டு வாசலைப் பார்ப்பேன்.

ஆனால் தந்தி அண்ணாச்சியின் மணி எனக்குத் தனியாகத் தெரியும். கடல் காற்றில் உள்ளே துருப்பிடித்து, கணீரென்று தொடங்கிக் கரகரவென்று முடியும். அவர் தந்தி ஆபீஸ் சேவகர். காக்கிச் சட்டை, தோல் பை, முருங்கைக்காய் மாதிரி ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய கறுப்பு சைக்கிள். ஊரே அண்ணாச்சி என்றதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைத் தாயி என்பார். தினமும் கடையைத் தாண்டும்போது தூரத்திலிருந்தே ஒரு கையைத் தூக்கி விரலை ஆட்டுவார். எனக்கும் ஒன்றுமில்லை, தனக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம். அவர் மகனைப் பற்றி அவர் வாய் திறக்கமாட்டார், என் வீட்டுக்காரரைப் பற்றி நானும் திறக்கமாட்டேன்.

ஒருநாள் கடைக்குள் வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "தாயி, இந்த மணியக் கழட்டிரு" என்றார். ஏன் அண்ணாச்சி என்று கேட்டேன். "தெருவுல நொழஞ்சதும் பொம்பளைய நெஞ்சுல கைய வச்சிக்கிட்டு நிக்குதாவ. கதவச் சாத்துதாவ. ஒரு புள்ளத்தாச்சி மயங்கி விழுந்துட்டா. தந்தி ஒரு வீட்டுக்குத்தான். நான் தெருவையே கொன்னு போட்டுட்டுல்லா போறேன்!" அவர் கண் கலங்கியதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

மணி இல்லாமல் சைக்கிள் ஓட்டினால் போலீஸ்காரன் பிடிப்பான். அதனால் ஒரு சின்ன மணியைப் போட்டுப் பார்த்தோம், ஒரு தட்டுத் தட்டினால் 'டிங்' என்று அடங்கிவிடும். அதுவும் தந்தி மணிதான் என்று தெருப்பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். யுத்தத்தில் சீமைச் சாமான் வரத்து இல்லை, வேறு மணிக்கு எங்கே போவது? மாமா பழைய பெட்டியைக் குடைந்து ரப்பர் பந்து வைத்த ஹாரன் ஒன்றை எடுத்தார். பந்து வெடித்திருந்தது, டியூப் துண்டு ஒட்டிச் சரிசெய்தேன். ஹாண்டில்பாரில் மாட்டி அழுத்தினால் 'பாம் பாம்' என்று வேடிக்கையாகக் கத்தியது. அண்ணாச்சி கூடச் சிரித்தார். இதைக் கேட்டு யாருக்கும் நெஞ்சு அடைக்காது என்று மூன்று பேரும் நம்பினோம்.

எங்கள் மூன்று பேருக்குமே புத்தி எங்கே போயிற்றோ! அதே மாதிரி ஹாரன்தான் ரொட்டிக்காரர் சைக்கிளில் இருந்தது. அவர் குண்டுக்குப் பயந்து சாத்தான்குளம் போய்விட்டதால் நாங்கள் அவரை மறந்தே போயிருந்தோம், தெரு மறக்கவில்லை. அண்ணாச்சி ஒரு சந்தில் திரும்பி ஹாரனை அழுத்தியதும், ரொட்டிக்காரர் வந்துவிட்டார் என்று வீடு வீடாகப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். தந்தி எந்த வீட்டுக்கோ அந்த வீட்டுப் பெண்ணும் இடுப்பில் பிள்ளையோடு, கையில் தட்டோடு, வாயெல்லாம் சிரிப்பாக வந்து நின்றாளாம். அந்தத் தட்டில்தான் அண்ணாச்சி தந்தியை வைக்க வேண்டியிருந்தது. அவள் புருஷன் மூழ்கிய கப்பலோடு போய்விட்டான். அண்ணாச்சி நேராகக் கடைக்கு வந்து ஹாரனைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்தார். 

"சத்தமே வேண்டாம் தாயி. போலீசுக்காரன் பிடிச்சா பிடிச்சிட்டுப் போறான்" என்றார். நானும் வெறியோடு இறங்கினேன். மிதிக்காதபோது கிடுகிடுக்கிற பின்சக்கர ஃப்ரீவீலில் கிரீஸை அடைத்து அந்தச் சத்தத்தை நிறுத்தினேன். செயின் தொங்கி மூடியில் அடிக்காமல் பின்சக்கரத்தை இழுத்து முறுக்கினேன். மட்கார்டு ஆடுகிற இடமெல்லாம் தோல் துண்டு வெட்டி வைத்தேன். எனக்கு அப்போது இருந்த தவிப்புக்கு இரும்போடு மல்லுக்கட்டுவது நன்றாக இருந்தது. முடித்துவிட்டு உருட்டினால் சைக்கிள் போவதே தெரியவில்லை.

மறுவாரமே கடைசி வீட்டு அக்கா கடை வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷனும் கப்பல்காரன். "ஏளா, நீதான அந்த சைக்கிளுக்கு வாயக் கட்டுனவ? வாசல்ல உக்காந்து மீன் அரிஞ்சிக்கிட்டு இருந்தேன். நிமுந்து பாத்தா அந்த மனுசன் முன்னால நிக்குதாரு. எமன் கூட எருமையில மணியக் கட்டிக்கிட்டுல்லா வருவான்!" அரிவாள்மணை வெட்டிய விரலில் துணி சுற்றியிருந்தது. இத்தனைக்கும் அவளுக்கு வந்தது நல்ல தந்திதான். புருஷன் கொழும்பில் இறங்கிவிட்டான். "மடியில கெடக்க பிள்ளைய எறக்கி விட நேரம் வேண்டாமா? செவுத்தப் பிடிக்கவாவது ஒரு நேரம் வேண்டாமா ஒரு பொம்பளைக்கு?"

மணிக்குத்தானே எல்லாரும் பயந்தீர்கள் என்று நான் கேட்டேன். "பயந்தோம். ஆனா மணி அடிச்சா அவரு வாராருன்னுதான் அர்த்தம். அவரு ஸ்டாண்டு போடாத வரைக்கும் எங்களுக்கு உசுரு உண்டு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தந்தியில் இருக்கிற இங்கிலீஷ் அண்ணாச்சிக்கு வாசிக்க வராது. ஆனால் கெட்ட செய்தி என்றால் ஆபீஸ் கிளார்க் "அண்ணாச்சி, பாத்துக் குடுங்க" என்று சொல்லி அனுப்புவார். சாதாரணத் தந்தி என்றால் அண்ணாச்சி ஒரு காலைத் தரையில் ஊன்றி, சீட்டில் இருந்தபடியே கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். கெட்டது என்றால் இறங்குவார், பின்சக்கரத்து ஸ்டாண்டைக் காலால் தட்டி இறக்குவார், தொப்பியைக் கழற்றுவார். விழுகிறவர்களைத் தாங்க இரண்டு கையும் வேண்டுமே. அந்த ஸ்டாண்டின் 'டடக்' சத்தத்தைத் தெரு முழுக்கப் படித்து வைத்திருந்தது. அவருக்கே அது தெரியாது.

நான் சொன்னதும் திகைத்துப் போனார். "அப்ப ஸ்டாண்டையும் கழட்டிருவமா தாயி?" என்று கேட்டார். எனக்குச் சள்ளென்று எரிந்து விழத் தோன்றியது. எதைத்தான் கழற்றுவது இந்த மனுஷனுக்கு! "ஒண்ணையும் கழட்ட வேண்டாம் அண்ணாச்சி. நீங்க வாரது எங்களுக்குத் தெரியணும். எனக்கும் தெரியணும்" என்றேன்.

கடையில் மிச்சமிருந்த ஒரே நல்ல மணியை எடுத்தேன். கிண்ணம் அடித்தட்டில் உரசி ஒலி செத்திருந்தது, உள்ளே ஒரு வாஷர் போட்டுத் தூக்கினேன். பழைய எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயில் கழுவினேன். பிரேக்கை விடாமலே கட்டைவிரல் எட்டுகிற இடம் பார்த்து, வழுக்காமல் இருக்க டியூப் துண்டு சுற்றி, ஹாண்டில்பாரில் இறுக்கினேன். தெருமுனையில் நின்று அடிக்கச் சொன்னேன். கடைக்குள்ளிருந்து கேட்டேன். சர்ச் மணிக்கு அடுத்தபடி அதுதான் என்று மாமா சொன்னார்.

அந்த மணியோடு அவர் எத்தனையோ வீட்டுக்குப் போனார். எனக்கு மட்டும் விரலை ஆட்டிக்கொண்டே இருந்தார். ரங்கூன்காரர்கள் காட்டு வழியாக நடந்தே வருகிறார்கள் என்று செய்தி வர ஆரம்பித்தது. பாதிப்பேர் வழியிலேயே விழுந்துவிடுகிறார்கள் என்றும் சொன்னார்கள். நான் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. மாமாவிடம் கூட வெடுவெடுத்தேன்.

ஒரு நண்பகல். சக்கரம் ஒன்றைச் சுற்றிவிட்டுக் கோட்டம் நிமிர்த்திக்கொண்டிருந்தேன். தெருமுனையில் மணி கேட்டது. நிற்கவில்லை. விடாமல், மூச்சு விடாமல், பிள்ளைகள் அடிப்பதுபோல் அடித்துக்கொண்டே வந்தது. கதவெல்லாம் திறந்தது. கடைசி வீட்டு அக்கா ஓடிவந்தாள். அண்ணாச்சி தொப்பி ஒரு பக்கம் சரிய, எழுந்து நின்று மிதித்துக்கொண்டு வந்தார். "தாயி! ஒம் புருசன் வந்துட்டாவ! கல்கத்தா வந்து சேந்துட்டாவளாம்! கிளார்க்கே சொன்னாரு!" எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சிரித்தேனா அழுதேனா தெரியாது. மாமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அண்ணாச்சி ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஒரு கால் பெடலில், உறையை நீட்டினார். இன்னொரு கை மணியை விடவில்லை. "ஒண்ணாப் போனவனுவ ஒண்ணாத்தான வருவானுவ? எம் பயலும் கூடத்தான் இருப்பான். வாசி தாயி, சத்தமா வாசி. தெருவே கேக்கட்டும்!"

பிரித்தேன். பத்திரமாக வந்து சேர்ந்தேன் என்று முதல் வரி. அவர் மகன் வழியில் காய்ச்சலில் இறந்துவிட்டான், அப்பாவிடம் சொல் என்று அடுத்த வரி. கிளார்க் முதல் வரியை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார். மிச்சத்தைச் சொல்ல அந்த மனுஷனுக்கு நாக்கு எழவில்லை. என் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, அதை எப்படி இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் தெருமுனையிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தவருக்கு முன்கூட்டிச் சொல்ல ஒரு மணி இல்லை.

"அண்ணாச்சி," என்றேன், "சைக்கிள ஸ்டாண்டு போடுங்க."

கட்டைவிரல் மணியை விட்டது. என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மெதுவாக இறங்கி, காலால் ஸ்டாண்டைத் தட்டினார். அந்தச் சத்தம் கேட்டதும் வாசல்களில் நின்ற பெண்கள் இடுப்பில் இருந்த பிள்ளைகளை இறக்கிவிட்டார்கள். அவரே தன் தொப்பியைக் கழற்றினார். "இப்ப வாசி" என்றார்.

அதற்குப் பிறகும் யுத்தம் முடிகிற வரை அவர் மணி அடித்துக்கொண்டுதான் போனார், ஸ்டாண்டு போடவேண்டிய வாசலில் ஸ்டாண்டு போட்டார். என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்து, கிரீஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கடையில் உட்கார்ந்து, நெடுங்காலம் இருந்தார். அண்ணாச்சி வந்தால் மட்டும் உள்ளே ஏதோ சாமான் தேடப் போய்விடுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று அண்ணாச்சி கடைக்கு வந்தார். "சைக்கிளு கவர்மெண்டுக்கு. மணி ஒன்னுது தாயி" என்று கழற்றச் சொன்னார். நான் போட்ட டியூப் துண்டு அப்படியே ஒட்டியிருந்தது.

நேற்று என் பேத்தியின் மகன் அந்த மணியை எடுத்து விடாமல் அடித்தான். எனக்குக் கத்தத் தோன்றவில்லை. எழுந்துவிட்டேன். முழங்காலையும் மீறி வாசல் வரை நடந்தும் போய்விட்டேன். தெருவில் ஒன்றுமில்லை. எதிர் வீட்டுப் பையன் பால் வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தான். "என்ன ஆச்சி, வெயில்ல நிக்கிய?" என்று சிரித்துக்கொண்டே இறங்கி, காலால் 'டடக்' என்று ஸ்டாண்டைத் தட்டினான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.