புரட்டாசிக் கீரையும் அப்பாவின் மாத்திரையும்

எருத்தேன்பதியில் பிறந்து, கிணற்றுத் தண்ணீரை நம்பி நிலக்கடலை விளைவித்து, எங்கள் மூவரையும் ஆளாக்கிய அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. மூத்த மகளான எனக்கு அவரை நினைத்தாலே அவர் கேட்ட கேள்விகள்தான் காதில் விழுகின்றன. தமக்கு வந்த நோயைக்கூட அவர் கேள்வி கேட்காமல் விட்டதில்லை.

இந்த 1970களின் தொடக்கத்தில் அப்பாவின் இடது காலில் ரத்தம் உறைந்து கட்டிக்கொண்டது. அது நெஞ்சுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து என்றார் கோயமுத்தூர் டாக்டர். முதலில் ஊசி போட்டார். பிறகு, ரத்தத்தை உறையவிடாத, எங்கள் பக்கம் யாரும் கேள்விப்பட்டிராத ஒரு மாத்திரை. குளிர்நாட்டில் பூசணம் பிடித்த தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தனவாம். அதை ஆராய்ந்துபோய் முதலில் எலி மருந்தும், அப்புறம் இந்த மாத்திரையும் வந்தனவாம். மாடு வளர்த்த அப்பா விடுவாரா?

"ஏனுங்க, மாட்டைக் கொன்னது என்னைய எப்படிங்க காப்பாத்தும்?"

"எல்லாம் அளவுலதாங்க இருக்குது. அதுக்குத்தான் மாசாமாசம் ரத்தம் பாக்கறது."

எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கவிச்சி கிடையாது, தினமும் முருங்கைக்கீரைதான். அந்த மாதச் சோதனையில் ரத்தம் சீக்கிரம் உறைவதாகத் தெரிந்து மாத்திரையைக் கூட்டினார்கள். ஐப்பசி பிறந்ததும் கோழி அடித்தோம், கீரையை மறந்தோம். சில நாட்களில் அப்பாவின் ஈறிலிருந்து ரத்தம் வரத் தொடங்கி நிற்கவேயில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பிழைத்து வந்தவர் முதலில் கேட்டது சுவரிலிருந்த காலண்டரை. மாத்திரை மாறிய நாட்களை அதில்தான் குறித்துவைத்திருந்தார். அடுத்த முறை டாக்டரிடம் அதையே கொண்டுபோய், புரட்டாசிக் கீரைதான் மாத்திரையை மடக்கியதா என்று கேட்டார். ஆமாம், ரத்தத்தை உறையவைக்கும் சத்து கீரையில் உண்டு, கீரை நின்றதும் கூட்டிய மாத்திரை மிஞ்சிவிட்டது, உங்கள் வீட்டு விரதம் எனக்குத் தோன்றவில்லையே என்று டாக்டர் வருந்தினார். கீரையை விட வேண்டாம், எல்லா மாதமும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்றார். அன்று முதல் அம்மா தினமும் ஒரே ஒரு கரண்டி கீரைதான் வைப்பார்.

கீரையை அளக்காமல் தின்ன விடுகிற மருந்து எப்போது வரும் என்று அப்பா போகும்போதெல்லாம் கேட்பார். வந்தால் கடுதாசி போடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் சளிக்காய்ச்சல் அப்பாவைக் கொண்டுபோய்விட்டது.

அந்த டாக்டருக்கும், அப்பாவைக் கைத்தாங்கலாகப் பேருந்தில் ஏற்றிவிட்ட பக்கத்துத் தோட்டத்தாருக்கும், கீரைக்கட்டுக்குப் பதில் வாழைப்பழத்தோடு பார்க்க வந்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. படையலுக்குக் கீரைக் கரண்டியை எடுத்துவைக்கட்டுமா என்று அம்மாவைக் கேட்டேன்.

"கரண்டி வேண்டாங் கண்ணு. இந்த வாட்டி கையில அள்ளி வெக்கறேன்."